ஒற்றைக் கைக்கு ஒரு வைஸ்

அக்டோபர் 3, திங்கள்

மழை. கறியும் கிழங்கும் உள்ளே வைத்துப் பாஸ்டி பன்னிரண்டு மடித்துச் சுட்டு, ஆறவைத்து ஃப்ரீசரில் அடுக்கினேன். ஆர்வோ இரண்டு சாப்பிடுவான் என்று எடுத்து வைத்தேன். அரைதான் சாப்பிட்டான்.

அவனுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு பதினோரு வாரம். வலது கை மடியில் கிடக்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி. பேச்சு வந்துவிட்டது, மெதுவாக. பேசத்தான் மாட்டேன் என்கிறான்.

மான் வேட்டை சீசன் வழக்கம்போல நவம்பர் பதினைந்தில் தொடங்கும். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷமாக அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் இரண்டு ரைஃபிள்களையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு அவன்தான் துடைப்பான். என்னுடையதைத் துடைக்கும்போது மட்டும் திட்டிக்கொண்டே துடைப்பான். இந்த வருஷம் நான் பேச்செடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

அக்டோபர் 5, புதன்

ஆஸ்பத்திரி. கீழ்த்தளத்தில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண், ஜோடி என்று பெயர், என்னிடம் சொன்னாள்: "அவர் பழைய வேலை ஏதாவது ஒண்ணத் திருப்பிக் குடுங்க. ஒரு கையாலயே செய்யற மாதிரி ஏற்பாடு பண்ணிக் குடுங்க. கை தன்னால வராது, ஆசை வந்தாத்தான் வரும்."

உடனே தோன்றியது ரைஃபிள் துடைப்பதுதான். ரைஃபிளைக் கவ்விப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ் இருந்தால் போதும், மீதியை இடது கை பார்த்துக்கொள்ளும். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மேல்தளத்தில் டாக்டரம்மா அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "வீட்டுல துப்பாக்கி இருக்கா?"

"இங்க எந்த வீட்டுல இல்ல?"

"அவர் மனசு நல்லா இல்ல. பூட்டி வைங்க. முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு வீட்டை விட்டே எடுத்துடுங்க."

ஒரே கட்டடம். கீழே ஒரு பேச்சு, மேலே ஒரு பேச்சு. நான் எந்த மாடிப் பேச்சைக் கேட்பது?

அக்டோபர் 6

துப்பாக்கி அலமாரியின் சாவி அலமாரிக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. நாங்கள் பூட்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அக்டோபர் 8, சனி

சௌனா நீராவி அறையில் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "இப்படித் தேச்சுத் தேச்சு வச்சு என்னை என்ன பண்ணப் போற, வெர்னா?" என்றான். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. நீராவிக்குள் உட்கார்ந்திருக்கும்போதே எனக்குக் குளிர்ந்துவிட்டது.

அவன் தம்பி ரெய்னோ மீன் கொண்டுவந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அண்ணி, ரெண்டு துப்பாக்கியையும் என் வண்டில போடுங்க. துடைக்க எடுத்துட்டுப் போனேன்னு சொல்லிடறேன்."

"நீ துடைப்பேன்னு அவன் நம்புவானா? உன் துப்பாக்கிக் குழல்ல சிலந்தி குடியிருக்குன்னு ஊருக்கே தெரியும்."

"அப்போ என்னதான் பண்ணப் போறீங்க?"

தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். அலமாரியைக் காலி செய்தால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. காலி செய்யாவிட்டால் — வேண்டாம், எழுதவே கை வரவில்லை.

கடைசியில் இரண்டிலிருந்தும் போல்ட்டை, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற பாகத்தை, மட்டும் உருவி எடுத்தேன். போல்ட் இல்லாத ரைஃபிள் வெறும் குழாய். தோட்டாப் பெட்டியை ரெய்னோவிடம் கொடுத்தனுப்பினேன். போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தபோது படியில் ஆர்வோவின் ஊன்றுகோல் சத்தம். ஃப்ரீசர் மூடியைத் தூக்கி, செய்தித்தாளில் சுற்றி, மான்கறிப் பொட்டலங்களுக்கு அடியில் செருகிவிட்டேன்.

"அங்க என்ன பண்ற?"

"கறி தேடறேன்."

"மீன் வந்திருக்கே."

முப்பத்து நாலு வருஷத்தில் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் வாய் உலர்ந்தது இதற்குத்தான்.

அக்டோபர் 11, செவ்வாய்

நார்பெர்ட்டின் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். வைஸில் இத்தனை வகை இருக்கும் என்று யார் கண்டது? பிளாஸ்டிக்கில் ஒன்று, எண்ணெய் புட்டிக்கும் பிரஷ்ஷுக்கும் குழி குழியாக வைத்தது, பார்க்க சோற்றுத் தட்டு மாதிரி. இரும்பில் ஒன்று, மேஜையில் முடுக்குவது. நீளமாக முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தாங்குவது ஒன்று.

"எதுக்கு? துடைக்கவா, குறிபாக்கற ஸ்கோப் மாட்டவா?" என்றார் நார்பெர்ட்.

"துடைக்க."

"யாரு, நீங்களா?"

"ஆர்வோ."

அவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் துடைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வலது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ரைஃபிளுக்குப் பதிலாகக் கடைத் துடைப்பத்தை மாட்டினேன். இரும்பு வைஸின் திருகை முடுக்க ஒரு கை, அதுவரை துடைப்பத்தைத் தாங்க ஒரு கை. இரண்டு கை ஆகிவிட்டது. பெயின்ட் வாங்க வந்த ஒருத்தர் நின்று வேடிக்கை பார்த்தார். கடைசியில் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு வந்தேன். லேசாக இருக்கிறது, தூக்க சுலபம் என்று.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது. வைஸைக் கொடுத்தால் ரைஃபிளை எடுப்பான். எடுத்தால் போல்ட் இல்லை என்று தெரிந்துவிடும். அப்போது நான் என்ன சொல்வேன்? இன்னும் வண்டியிலேயே கிடக்கிறது.

அக்டோபர் 13

போல்ட்டை வெளியே எடுத்தேன். திருப்பி மாட்டிவிடலாம் என்று. சமையலறை மேஜையில் ஒரு மணி நேரம் கிடந்தது. மறுபடி ஃப்ரீசர்.

அக்டோபர் 16, ஞாயிறு

அவன் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றான், நானும் போகவில்லை. மதியம் அவன் தூங்கும்போது பிளாஸ்டிக் வைஸைக் கராஜில் வைத்து, மண்வெட்டிக் காம்பை மாட்டி, ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள வைஸும் சேர்ந்து நகர்கிறது. மேஜை விளிம்புவரை போய் நின்றது. அவன் ரைஃபிள் அப்படித் தரையில் விழுந்தால் மனசு என்ன ஆகும்? வேலையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று போய், முடியாது என்பதை அவனுக்கே நிரூபித்துக் காட்டுவேனா?

நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 18, செவ்வாய்

திருப்பிக் கொடுத்தேன். வேறு எதுவும் வாங்கவில்லை.

ரெய்னோ போன் செய்தான். "அண்ணி, வைஸ் வாங்கறதும் துப்பாக்கியக் கையில குடுக்கறதும் ஒண்ணுதான். யோசிங்க." யோசிக்காமல் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேனாம்.

அக்டோபர் 21

ஜோடி கேட்டாள், வேலை ஏதாவது கொடுத்தீர்களா என்று. உருளைக்கிழங்கு உரிக்கக் கொடுத்தேன் என்றேன். அவள் பார்த்த பார்வை.

திரும்பி வந்து போல்ட்டை எடுத்தேன். திருப்பி வைத்தேன். எனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 25, செவ்வாய்

இன்று ஒன்று நடந்தது. குளிர்காலக் கோட்டைத் தேடி அலமாரி அறைக்குப் போனேன். ஆர்வோ அங்கே நின்றுகொண்டிருந்தான், துப்பாக்கி அலமாரிக்கு முன்னால். கதவு மூடித்தான் இருந்தது. சாவி ஆணியில். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றான்.

"என்ன பாக்கற?"

"தூசி."

அவ்வளவுதான். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாரைக் கேட்பேன்? துடைக்க ஆசைப்பட்டுப் பார்த்தானா? வேறு எதற்காவதா? ஒரே முகத்தில் இரண்டும் தெரிகிறது. எனக்கு அவனைப் படிக்கத் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 27, வியாழன்

நார்பெர்ட் கடை. நான் உள்ளே நுழைந்ததும் அவரே துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ஒண்ணு வரவழைச்சேன், பாருங்க. முடுக்கற வேலையே இல்ல. நெம்புகோலைக் கீழ அழுத்தினா கவ்விக்கும். பின்னால தடுப்பு இருக்கு, எவ்வளவு தள்ளினாலும் நகராது. அடில நாலு திருகாணி, மேஜையோட சேத்து இறுக்கிடுங்க. கவ்வற தாடைக்குத் தோல் ஒட்டியிருக்கு, துப்பாக்கிக் கட்டையக் கீறாது."

கோட்டுப் பைக்குள் வலது கை. துடைப்பத்தைக் கிடத்தினேன், அழுத்தினேன். கவ்வியது. தள்ளினேன். அசையவில்லை. கடை நடுவில் நின்று அழுதேன். வெட்கக்கேடு.

"இந்த வருஷம் வேட்டைக் கேம்புக்கு வர்றீங்கதானே? உங்க சட்டை வால் ஒண்ணு சுவர்ல தனியா தொங்குது, துணைக்கு ஒண்ணு வேணும்," என்றார் என்னைச் சிரிக்கவைக்க. மானைச் சுட்டுத் தவறவிட்டால் சட்டை வாலை, அதாவது பின்நுனியை, வெட்டி கேம்ப் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். என்னுடையது பன்னிரண்டு வருஷமாகத் தொங்குகிறது. வெட்டியவன் ஆர்வோ.

அக்டோபர் 30, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். காலையில் கராஜ் மேஜையில் புது வைஸைப் பொருத்தினேன். போல்ட் இரண்டையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னது நினைவில் இருந்தது. நான் பக்கத்திலேயே இருப்பேன், தோட்டா வீட்டில் கிடையாது, முடிந்ததும் போல்ட் என்னிடம் வந்துவிட வேண்டும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

அவனைக் கூட்டிவந்தேன். வைஸைப் பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். இடது கையால் நெம்புகோலை அழுத்தினான், விட்டான், அழுத்தினான்.

"யாரு தேர்ந்தெடுத்தது?"

"நான்தான்."

"துடைப்பத்த வச்சுப் பாத்தியாமே. நார்பெர்ட் சொன்னான்."

ஊரில் ஒரு ரகசியம் நிற்காது. ரைஃபிளைக் கொண்டுவந்து கிடத்தினேன், முதலில் என்னுடையதை. கவ்வியது. அவன் என்னைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"போல்ட்டக் குடு."

ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் அப்போதுதான் பார்த்தேன். உடம்பெல்லாம் பழுப்பாகத் துரு.

"ஃப்ரீசர்லயா வச்ச?"

 குளிரிலிருந்து ரைஃபிளைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் வியர்க்கும், துருப்பிடிக்கும், அதனால்தானே நாங்கள் எல்லோரும் சீசன் முழுக்க ரைஃபிளை வெளித் தாழ்வாரத்திலேயே விடுகிறோம். இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகும் முன்னே தெரிந்துகொள்கிற விஷயம். போல்ட்டுக்கும் அது பொருந்தும் என்று என் மண்டையில் ஏறவில்லை.

"ஒரு தடவைல இவ்வளவு துரு வராது," என்றான். "ரெண்டு மூணு தடவை எடுத்து வச்சிருக்க."

"ஆமா."

"மாவு டின்ல வச்சிருக்கலாம்."

அப்புறம் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக, நெடுநேரம் எடுத்துக்கொண்டு. நான் மீன் வறுத்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அலமாரியைத் திறந்தானாம். போல்ட் இல்லை. மூடிவிட்டு வந்துவிட்டானாம்.

"எதுக்குத் திறந்த?" இதைக் கேட்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"தெரியல, வெர்னா. அதான் பயமா இருந்துச்சு. போல்ட் இல்லன்னதும்... அப்பாடான்னு இருந்துச்சு. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

மூன்று வாரமாக அவனுக்குத் தெரியும். மூன்று வாரமாக நான் ஒளித்துக்கொண்டிருந்தேன், அவன் எனக்குக் காவல் இருந்திருக்கிறான், நான் திருப்பி மாட்டிவிடக் கூடாதே என்று. தூசி என்று சொல்லிக்கொண்டு பார்த்தது அதைத்தான். அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். சாகிற அளவுக்குப் பயந்துபோயிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவன் இடது கை என் தலையில் இருந்தது. துரு ஒட்டிய கை.

நாலு மணி நேரம் துடைத்தான். முடித்ததும் இரண்டு போல்ட்டையும் துணியில் சுற்றி அவனே என் கையில் வைத்தான்.

"நீயே வச்சுக்க. நான் கேக்கற வரைக்கும். கேட்டாலும் டாக்டரக் கேட்டுட்டுக் குடு."

நவம்பர் 2, புதன்

டாக்டரம்மாவிடம் அவனே சொன்னான். நான் வெளியில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை என்னை வெளியே உட்காரச் சொன்னது அவன். மருந்து மாற்றியிருக்கிறார்கள், வாரம் ஒருமுறை மனசு விட்டுப் பேச ஒருவரும் உண்டு. அவனுக்குப் பிடிக்கவில்லை. போகிறேன் என்றிருக்கிறான்.

நவம்பர் 7

என் ரைஃபிள் குழலை மறுபடியும் துடைக்கிறான். மூன்றாவது தடவை. போதும் என்றால் கேட்பதில்லை. ரெய்னோ தன் துப்பாக்கியையும் கொண்டுவந்தான், போல்ட்டை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு. "அண்ணே, சிலந்தி இருக்கும், பாத்து." ஆர்வோ அரை பாஸ்டிக்குமேல் சாப்பிட்டான். ஒன்றே முக்கால்.

நவம்பர் 15, செவ்வாய்

கேம்ப். எல்லோரும் படுக்கை கொண்டுவந்தார்கள். ஆர்வோ வைஸைக் கழற்றிக் கொண்டுவந்து கேம்ப் மேஜையில் பொருத்தினான். அவன் போல்ட் வீட்டில், மாவு டின்னில். ரெய்னோவின் ரைஃபிள் வண்டியில் பூட்டியிருக்கிறது. ஆர்வோ அடுப்பைப் பார்த்துக்கொண்டான், நான் காட்டுக்குப் போனேன்.

எட்டரை மணிக்கு ஆண் மான், அறுபது கஜத்தில், அசையாமல் நின்றது. சுட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போயிற்று. ஓடக்கூட இல்லை.

"உன்னாலதான்," என்றேன் உள்ளே நுழைந்ததும். "மூணு தடவை துடைச்சு எண்ணெய் விட்டு வச்சிருக்க. சீசனுக்கு முன்னாடி ஒரு குண்டு சுட்டுக் குழலப் பழக்கணும்னு நீதானே சொல்வ."

"அறுபது கஜத்துல எண்ணெய் குண்ட ஒரு விரல் அகலம் தள்ளும். நீ ஒரு மான் அகலமே தள்ளியிருக்க."

ரெய்னோ கத்தரிக்கோலை எடுத்தான். ஆர்வோ அதைப் பிடுங்கினான். இடது கையால் துணியை வெட்ட வேண்டுமானால் துணியை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். ரெய்னோ வந்தான்; ஆர்வோ வேண்டாம் என்று தலையாட்டினான். என்னை மேஜையோடு திருப்பி நிறுத்தினான், சட்டை வாலை வைஸில் விட்டான், நெம்புகோலை அழுத்தினான். தோல் தாடை கவ்வியது. நானும் இழுத்துப் பார்த்தேன். நார்பெர்ட் சொன்னது உண்மைதான், அசையவே இல்லை.

நறுக் நறுக்கென்று கோணல்மாணலாக வெட்டினான். நடுவில் நிறுத்தி மேஜையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் ஏதோ வந்துவிட்டது என்று நான் பதறித் திரும்பப் பார்த்தேன், சட்டை விடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான். ஜூலைக்கு அப்புறம் இன்றைக்குத்தான்.

ஆணியை ரெய்னோ பிடித்தான், சுத்தியல் ஆர்வோ கையில். வால் கோணலாகத் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு ஆணி காலியாக அடித்து வைத்திருக்கிறான். யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்கு. அடுத்த வருஷம் இடது கைல சுட்டா வேற என்ன ஆகும்?"