உங்கள் கண்ணுக்கு வைத்த கேமரா

ஏனுங்க,

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். எழுத்தில் மட்டும் எதற்குப் புதுசாக ஒரு மரியாதை? நான் ‘ஏனுங்க’ என்றால் கடை முழுக்க ஆள் இருந்தாலும் நீங்கள் ஒருத்தர்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். இப்போதும் திரும்புவீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வருஷத் திதி வருகிறது. கோயம்புத்தூரிலிருந்து நம் திவ்யா ஃபோன் பண்ணி, “செம்மேடு பஸ் ஸ்டாண்டுல அப்பாவுக்குப் பெருசா ஒரு ஃபிளெக்ஸ் வெச்சிரலாம்மா” என்றாள். ஊரையெல்லாம் படம் பிடித்த மனுஷனை மழையில் நனையவிட எனக்கு மனசில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை நம் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்போகிறேன். வருகிறவர் போகிறவர் படிக்கட்டும். உங்கள் மேல் மனத்தாங்கலோடு இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்கட்டும்.

முதலில் கடைச் சேதி. நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலைக்குப் பிறகு ஷட்டரை இறக்கிவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் இறக்கவில்லை. இத்தனை வருஷம் லைட்டைத் தூக்கிப் பிடித்தவள், மணப்பெண்ணின் கொசுவத்தைச் சரிசெய்து நிறுத்தியவள், ஒரு பட்டனை அமுக்க மாட்டேனா? உங்கள் கேமராவையே எடுத்துக்கொண்டு வளைகாப்பு, காதுகுத்து என்று போக ஆரம்பித்தேன். “போட்டோக்காரம்மா” என்று பேரும் ஆகிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். கேமராவின் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னலில் கண்ணை வைத்தால் எனக்கு எல்லாம் மசமசவென்று தெரிந்தது. மேகம் இறங்கின ரோட்டைப் பார்க்கிற மாதிரி. நீங்கள் இருந்தபோதே ஒன்றிரண்டு தரம் கேட்டிருக்கிறேன். “அது அப்படித்தான் இருக்கும். நீ பட்டனை அமுக்கு, படம் நல்லா வரும்” என்று சிரித்து மழுப்பினீர்கள். படம் நன்றாகத்தான் வந்தது. எதை எடுக்கிறோம் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அதனால் செல்ஃபோன் மாதிரி பின்னால் இருக்கிற திரையைப் பார்த்தே எடுத்தேன். பழைய மாடல் இல்லையா, திரையைப் பார்த்து எடுத்தால் ஃபோகஸ் பிடிக்க அது முன்னும் பின்னும் தேடும். தை மாசத்தில் ஒரு கல்யாணத்தில் அப்படித் தேடி முடிப்பதற்குள் மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டுவிட்டார். எனக்கு வந்தது நாத்தனாரின் முதுகு மட்டும்தான். மறுபடி ஒருதரம் தாலி கட்டச் சொல்ல முடியுமா? பெண்ணின் அம்மா “பரவால்லீங்க” என்றார்கள். பரவாயில்லை என்று சொன்ன முகம் அது இல்லை.

“பழசு போயிருச்சும்மா. எக்ஸ்சேஞ்சுல கொடுத்துட்டுப் புதுசு வாங்கிரு” என்றாள் திவ்யா. அந்தப் புது மாடலைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது நீங்கள்தான். வாங்கலாமே என்றால், “இன்னொரு சீசன் போகட்டும்” என்பீர்கள். பழசைக் கொடுத்தால்தான் புதுசு நம் கைக்கு எட்டும். எனக்கோ அந்தப் பிடியில் உங்கள் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிப் போன இடத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. இப்படி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் தட்டோடு வந்து நின்றார்.

ஆமாங்க, என் அண்ணன்தான். நம் மலையிலேயே இருக்கிற ஆலத்தூர் நாட்டிலிருந்து வெற்றிலை பாக்குத் தட்டோடு, மகன் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். “நீ அத்தைக்காரி. போட்டோவும் நீயே எடுத்துரு கண்ணு. வெளியாளு வேண்டாம்” என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்ததிலிருந்து போகிற வரைக்கும், மாலை போட்டு வைத்திருக்கிற உங்கள் படத்தின் பக்கம் அவர் முகம் திரும்பவே இல்லை. காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போதுகூடப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு வைத்தார்.

படிக்கிறவர்களுக்கு அந்தக் கதை தெரிய வேண்டும். நம் பக்கத்தில் சோறு போடாமல் அனுப்பினால்கூட மன்னிப்பார்கள். எதிரில் வந்தவரை ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை கேட்காவிட்டால் மன்னிக்க மாட்டார்கள். செம்மேட்டில் ஒரு காதுகுத்துக்கு அண்ணன் சீர்த்தட்டோடு வாசலில் வந்தார். நீங்கள் கேமராவைப் பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு அங்கேதான் நின்றிருந்தீர்கள். அவரை நேராகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். “நாலு பேரு முன்னாடி என்னைய மரமாட்டம் நிக்க வெச்சுட்டாரு” என்று போனவர்தான், அதன்பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் போன அன்றைக்கு வந்து பிறந்த வீட்டுக் கோடி போட்டார், எனக்காக. உங்கள் முகத்தை அன்றைக்கும் பார்க்கவில்லை.

“கவனிக்கலை” என்று ஒரே வார்த்தையோடு நீங்கள் முடித்துக்கொண்டீர்கள். அண்ணன் மட்டுமா? சந்தையில், பஸ்ஸில், கோயில் வாசலில், “உங்க ஊட்டுக்காரரு கண்டும் காணாம போறாருங்க” என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவீர்கள். “வாங்க அத்தை, வாங்க மச்சான்” என்று கடைசி வரிசை வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். சந்தைக்குக்கூடக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறவரை வைத்து நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

கல்யாணத்துக்கு மறுபடி நாத்தனார் முதுகை எடுத்து வைக்கக்கூடாது என்று, ஒருநாள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உங்கள் கேமராவோடு நாமக்கல் போய் இறங்கினேன். கடை நடத்துவது ஒரு பெண். கண்ணாடி போட்டவள், சின்ன வயசுதான். புது கேமராவை என் கையில் கொடுத்தாள். கோழிக்குஞ்சு மாதிரி கனமே இல்லை. ஜன்னலில் கண்ணை வைத்தேன், எதிர்க்கடைச் சுவரில் ஒட்டின நோட்டீஸ்கூடப் பளிச்சென்று தெரிந்தது. திரையைத் தொட்டால் தொட்ட இடத்தில் ஃபோகஸ் நிற்கிறது. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தாலும் புள்ளி புள்ளியாக வராதாம். எடுத்த படத்தை அங்கிருந்தே ஃபோனுக்கு அனுப்பலாமாம். சரி, இனி எதற்கு யோசனை என்று நினைத்தேன்.

“ஒண்ணு மட்டும் சொல்லிர்றனுங்க” என்றாள். “உங்ககிட்ட இருக்கிற பழைய ஃப்ளாஷ் இதுல எரியாது. ஃப்ளாஷ் மாட்டுற இடத்துல நடுப்புள்ளி ஒண்ணு இருக்குமில்லீங்க, இந்த மாடல்ல அதை எடுத்துட்டாங்க.” விற்கிறவளே இப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு பழசுக்கு விலை போடுவதற்காக அதைக் கையில் எடுத்தாள்.

ஜன்னலில் பார்த்தாள். ஓரத்தில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தை விரலால் தடவினாள். தன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“இதுல ஒரு ரிப்பேரும் இல்லீங்கம்மா. கண்ணாடியக் கழட்டிட்டுப் பார்த்தா எனக்குப் பளிச்சுன்னு தெரியுது. இதை வெச்சிருந்தவருக்கு என்னாட்டவே தூரத்துல இருக்கிறது தெரியாதுங்களா?”

“அவரு கண்ணாடியே போட்டதில்லை, சாமி” என்றேன்.

“அப்பொ இதுதாங்க அவருக்குக் கண்ணாடி. இந்தச் சக்கரத்தை அவங்கவங்க கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கலாம். இவரு அது போற கடைசி வரைக்கும் திருப்பி வெச்சிருக்காரு.”

என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நீங்கள் முட்டிவலி என்று பைக் ஓட்டுவதை விட்டது ஞாபகம் வந்தது. பஸ் வரும்போதெல்லாம் “போர்டைப் படி பார்க்கலாம், பள்ளிக்கூடத்துல என்ன படிச்சே?” என்று என்னைச் சீண்டினது ஞாபகம் வந்தது. நானும் ரோஷத்தோடு ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக் காட்டுவேனே. எனக்குப் பரீட்சை வைக்கிறீர்கள் என்றுதானே நினைத்தேன்? ஏனுங்க, ஒரே கூரைக்குக் கீழே இருந்த என்னிடம்கூடவா சொல்லக்கூடாது? போட்டோக்காரனுக்கே கண் தெரியவில்லை என்று ஊர் பேசும், அட்வான்ஸ் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள் என்று பயந்தீர்களா?

அந்தப் பெண் சக்கரத்தை என் கண்ணுக்குத் திருப்பிக் காட்டினாள். தெளிவாகத் தெரிந்தது. “இனிமே இதுலயே எடுக்கலாமுங்க, புதுசு இப்போதைக்கு வேண்டாம்” என்றாள். “மொதல்ல இருந்த இடத்துலயே வெச்சிரு, சாமி” என்றேன். “உங்களுக்கு மங்கலாயிருமுங்களே” என்றாள். இருக்கட்டும் என்றேன். கடைசி வரைக்கும் திருப்பி வைத்ததும் நல்லதாகப் போயிற்று. நடுவில் எங்காவது வைத்திருந்தால் அந்த இடத்தை நான் எங்கே போய்த் தேடுவேன்?

இரண்டு கேமராவும் மேஜை மேல் இருந்தன. புதுசை எடுத்தால் உங்களுடையது கைவிட்டுப் போகும். உங்களுடையதிலேயே வேலை செய்தால் உங்கள் கண்ணை அழித்து என் கண்ணை வைக்க வேண்டும். எதற்கும் கை வராமல், யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். ஃபோனில் செருகுகிற ஒரு கார்டு ரீடரை மட்டும் வாங்கிக்கொண்டேன். இதில் கார்டைப் போட்டாலே படம் ஃபோனுக்கு வந்துவிடுமாம்.

மலையடிவாரத்தில், காரவள்ளியில் இறங்கி மேலே போகிற பஸ்ஸுக்கு நின்றேன். திவ்யாவிடமிருந்து மெசேஜ் வந்தது. எனக்குத்தான் வெள்ளெழுத்தாயிற்றே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். “வாங்கிட்டியாம்மா?” என்று கேட்டிருந்தாள். என்ன பதில் போடுவது என்று தெரியாமல், மூக்கில் கண்ணாடி இருக்கிற நினைப்பே இல்லாமல், உங்கள் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

தெரிந்தது, ஏனுங்க. மங்கல் இல்லை. தூரத்தில் திரும்பி வந்த பஸ்ஸின் போர்டில் ‘செம்மேடு’ என்று ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. தூரம் தெரியாத உங்கள் கண்ணுக்கு வைத்த அளவு, கிட்டத்தில் தெரியாத என் கண்ணாடிக்குச் சரியாகப் பொருந்திவிட்டது. கண்ணாடி இடிப்பதால் ஓரம் கொஞ்சம் மறைகிறது. பழகிக்கொள்ளலாம். பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் போர்டைச் சத்தமாகப் படித்துவிட்டேன் போல. அழுதுகொண்டே பஸ் ஏறினேன். “வாங்கலை கண்ணு, உங்கப்பாவுதே நல்லா இருக்குது” என்று திவ்யாவுக்குப் பதில் போட்டேன்.

அடுத்த நாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். களத்தில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேமராவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் வயசாகிறதே. “ஒண்ணுமே வெளங்கலையே, கண்ணு. மசமசன்னு இருக்குது” என்றார்.

“இந்த அளவுக்குத் திருப்பி வெச்சாத்தானுங்கண்ணா அவருக்கு உங்க மொகம் தெரியும். அன்னிக்கிக் கேமரா பைக்குள்ள இருந்துச்சு” என்றேன்.

அண்ணன் கேமராவை உடனே இறக்கவில்லை. ரொம்ப நேரம் கண்ணிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், “ஒரு வார்த்தை சொல்லியிருந்தாருன்னா நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனே” என்றார். மிளகைக் கிளறப் போய்விட்டார்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை, உங்கள் பழைய ஃப்ளாஷ்தான் காப்பாற்றியது. மூன்று முடிச்சும் தனித்தனியாக வந்திருக்கிறது. நாத்தனாரை முன்கூட்டியே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் உங்களிடம் சொல்ல வந்தது அது இல்லை. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு நின்று எல்லாரையும் கைகூப்பி ‘வாங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கின உங்கள் கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார்.

“வாங்க மாப்ளே” என்றார். அதற்கப்புறம்தான், “வா கண்ணு” என்றார்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்காகத்தான் இதைக் கதவில் ஒட்டுகிறேன். இதைப் படிக்கிறவர்களே, என் வீட்டுக்காரர் உங்களைக் கண்டும் காணாமல் போகவில்லைங்க. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. மனத்தாங்கல் இருந்தால் அதை இறக்கி வைத்துவிட்டு ஒருதரம் உள்ளே வந்துவிட்டுப் போங்கள்.

ஏனுங்க, நீங்கள் கவலைப்படாமல் இருங்கள். இந்தக் கேமரா ஒருநாள் நிற்கத்தான் செய்யும், அன்றைக்குப் புதுசு வாங்கிக்கொள்கிறேன். அதுவரைக்கும் அந்தச் சக்கரத்தில் என் விரல் படாது. இந்தக் கதவைத் திறந்து யார் வந்தாலும், நான் இரண்டு தரம் ‘வாங்க’ சொல்வேன். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு.

என்றும் உங்களுக்குப் பஸ் போர்டு படித்துச் சொல்லும்,
உங்க ஊட்டுக்காரி
நல்லம்மா