தோடு போட்ட சம்பியன்

இன்று காலை வாசிகசாலையில் பரிசளிப்பு. சதுரங்கப் போட்டியில் வென்ற பிள்ளைகளை நீ சுவரில் கீறிய படத்துக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண்பிள்ளை படத்தின் நடுவில் இருக்கும் மீசைக்காரரை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அன்ரி, உவர் ஏன் தோடு போட்டிருக்கிறார்?"

"அது கீறின ஆளின்ரை பிழை, பிள்ளை" என்றேன்.

நீ கண்மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

உலகச் சதுரங்க வெற்றியாளர்களை ஒரே படமாகக் கீறித் தரும்படி நிர்வாகசபை கேட்டபோது எவ்வளவு சந்தோசப்பட்டாய். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துவிட்டு, பின்னேரங்களில் சைக்கிளில் வந்து ஏணியில் ஏறுவாய். திருநெல்வேலிச் சந்தியில் பிரதி எடுத்து வந்த படங்களில் முகங்கள் கரியாகிக் கிடந்தன. தெரியாத இடங்களை ஊர் முகங்களை வைத்து நிரப்பினாய். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரின் காது ஒருவருக்குப் போயிற்று. தபால்காரரின் தாடை இன்னொருவருக்கு. ஒரு கிழமையாகச் சனம் பேப்பர் வாசிக்கிற சாட்டில் வந்து தங்கள் மூக்கைத் தேடியது. தபால்காரர் மனைவியையும் கூட்டிவந்து, "பாத்தியே, கோட்டுப் போட்டா நானும் வெள்ளைக்காரன்தான்" என்றார்.

படத்தின் நடுவில், சதுரங்கப் பலகைக்கு முன்னால், நீ ஒரு பெண்ணை இருத்தியிருந்தாய். பெண்களுக்கான போட்டியில் உலகத்தை வென்றவள். நீல உடுப்பு, காதில் சின்னத் தோடு. ஆண்கள் எல்லோரும் சுற்றி நின்று அவளுடைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகசபைக் கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமினார். "நடுவிலை ஒரு பொம்பிளை இருக்கிறா. இவ்வளவு ஆம்பிளையளும் சுத்தி நிண்டு பாக்கினம். சனம் என்ன நினைக்கும்?"

"அவ நல்லாய் விளையாடுறா எண்டு நினைக்கும்" என்றாய்.

"உவவை ஒரு கரையிலை நிப்பாட்டேலாதோ, ரீச்சர்?"

"ஆட்டம் நடக்குது, அண்ணை. இடையிலை எழும்பேலாது."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. நான் செயலாளர் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். பள்ளிக்கூடக் காலத்தில் ஒரே பலகையில் விளையாடியவர்கள் நாங்கள். என்னை நீ தோற்கடிக்காத நாள் இல்லை. நான் உன் பக்கம் பேசுவேன் என்பதில் உனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"தலைவர் சொல்லுறதையும் யோசிக்கத்தானே வேணும்" என்றேன்.

பெண்பிள்ளைகளின் சனிக்கிழமைச் சதுரங்க வகுப்பை அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்ததாகப் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்த மேசையைச் சுற்றிப் போட்டிருந்த கதிரைகளில் பெண் ஒருத்திக்கென்று இருந்தது ஒன்றுதான். அதில் நான் இருந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

நீ தூரிகைகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாய். அடுத்த கிழமை கடைப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவரைப் பிடித்தார்கள். அவர் அவளுடைய தலைமயிரைக் குறைத்தார், உடுப்பைக் கோட்டாக்கினார், மூக்குக்குக் கீழே தடித்த மீசை ஒன்றை வைத்தார். தோட்டை மறந்துபோனார்.

நீ வந்து பார்த்தாய். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாய். உன் கோபம் போய்விட்டது என்ற ஆறுதலில் நானும் சேர்ந்து சிரித்தேன். உடனே உன் சிரிப்பு நின்றது.

"நீயும் சிரிக்கிறியோடி?"

அதன் பிறகு நீ வாசிகசாலைப் படி ஏறவே இல்லை. வீதியில் கண்டால் சுகம் விசாரிப்பாய், மழை வருமா என்று கேட்பாய். அவ்வளவுதான். என்னை ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அந்த வசதியை நீ எனக்குத் தரவில்லை.

கடைசியாக உன்னை ஆசுபத்திரியில் பார்த்தேன். குரல் மெலிந்திருந்தது. தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தாய்.

"உண்மையைச் சொல்லு. நான் அவவை நல்லாய்க் கீறினனானோ?"

"ஓம். அந்தப் படத்திலை அவதான் திறம்."

"உனக்கு அது அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்ப ஏனடி?"

தாதி வந்து, நேரமாகிவிட்டது, வெளிக்கிடுங்கோ என்றாள். நான் அவசரம் அவசரமாக எழும்பினேன். அவள் வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நீ கண்டிருப்பாய்.