பத்தாவது ரோஜாச் செடி

ராஜபாளையம்
8.11.2024

அன்புள்ள ரமீஜா மதினிக்கு, மாஜிதா சலாம் சொல்லி எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று உங்களுக்கென்று நினைத்து நான் போனில் பேசி அனுப்பியது, பிள்ளைகள் கல்யாணத்துக்காக ஆரம்பித்த குடும்பக் குரூப்புக்குப் போய்விட்டது. "ரெண்டு கழுதையையும் ஒரே கயித்துல கட்டிப் போட்டாத்தான் மதினி சரிப்படும்" என்று நான் சொன்னதை, துபாயில் இருக்கும் என் கொழுந்தன் வரைக்கும் கேட்டுவிட்டார்கள். உங்கள் தம்பி ஹமீது அதற்குக் கட்டைவிரல் வேறு தூக்கிக் காட்டியிருக்கிறார். கட்டினவளைக் காப்பாற்றத் தெரியாத மனுஷன்.

அதனால் இனி நமக்குள் கடிதம்தான். என் போனை என் மகள் நோண்டுவாள், உங்கள் போனை உங்கள் மகன் நோண்டுவார். தபால்காரர் வருகிற நேரத்தில் சனா பேண்டேஜ் துணிக் கம்பெனியில் இருப்பாள், மாப்பிள்ளை அனஸ் வண்டியில் இருப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. பொறுத்துப் படியுங்கள்.

கோபித்துக்கொண்டு நகையோடு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். செடியோடு வந்தவளை இப்போதுதான் பார்க்கிறேன். சனா உங்கள் வீட்டு வாசலில் வளர்த்த ஒன்பது குட்டை மஞ்சள் ரோஜாவையும் வேர்மண்ணோடு பேர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம். வந்த கையோடு எங்கள் துவைக்கிற கல்லைச் சுற்றி நட்டுவிட்டாள். உங்கள் தம்பி கைலியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

என்னட்டி ஆச்சு என்று கேட்டால், "செடிக்குன்னு விட்ட எடத்துல பாதிக்கு சிமெண்ட் ஊத்திட்டாகம்மா. வண்டி நிறுத்தணுமாம். ஒரு வார்த்தை கேக்கலை. ஓரத்துல நின்ன பத்தாவது செடி சிமெண்டுக்குள்ளயே போயிருச்சு. தரைய ஒடச்சாத்தான் அந்த வாசல்ல கால் வைப்பேன்" என்கிறாள்.

நான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டேன் மதினி. ஆனால் நோன்புக்கு முன்னால் அவளாகவே உங்கள் வீட்டுக்கு வருவாள். வராவிட்டால் என் பேர் மாஜிதா இல்லை. மாப்பிள்ளை என்ன சொல்கிறார், எழுதுங்கள்.

உங்கள் பிரியமுள்ள (கழுதையைப் பெற்ற)
மாஜிதா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
13.11.2024

மாஜிதாவுக்கு,

வஅலைக்கும் சலாம். நீ பேசியதை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூன்றாவது தடவை அனஸும் கேட்டான். "கழுதைன்னா நான் எதுக்கு லோடு வண்டிக்குத் தவணை கட்டணும்?" என்று மட்டும் கேட்டான்.

போன மழையில் வண்டி வாசல் சேற்றில் புதைந்துவிட்டது. தெருவில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் தள்ளினார்கள். அந்த வெட்கத்தில் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டான். அவளைக் கேட்காமல் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றான். தெரியும் என்றால் போய் அவளிடம் சொல் என்றேன். வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

இன்னொரு செய்தி. பத்தாவது செடி சாகவில்லை. சிமெண்ட் ஊற்றுவதற்கு முன்பே அனஸ் அதைத் தோண்டியெடுத்து, பெயிண்ட் வாளியில் நட்டு, குழாயடிக்குப் பின்னால் வைத்திருக்கிறான். அதை ஏன்டா அவளிடம் சொல்லவில்லை என்றால், "அவ கேக்கலையே" என்கிறான்.

சனாவிடம் இப்போது சொல்லாதே. இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்கிறது. இருக்கிறது என்று சொல்லி, பிறகு அது செத்துப்போனால் அவள் இரண்டாம் தடவை அழ வேண்டியிருக்கும். கரும்புள்ளிக்கு என்ன செய்வது என்று அவளிடம் பக்குவமாகக் கேட்டு எழுது. அனஸ் கேட்கவில்லை. செடி கேட்கிறது.

ரமீஜா

*

ராஜபாளையம்
18.11.2024

மதினிக்கு மாஜிதா சலாத்துடன்,

கேட்டேன். நான் கேட்ட பக்குவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"ஏட்டி, பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி ரோஜால கரும்புள்ளி விழுதாம். என்ன செய்ய?"

"அவிய வீட்டுல ரோஜா ஏது? வாழைதான நிக்கி?"

"புதுசா வச்சிருக்காக."

"குட்டை ரகமா, ஒசரமா?"

"எம்புட்டுக் கேள்வி கேக்க! தெரிஞ்சாச் சொல்லு, தெரியாட்டி விடு."

தெரியாட்டி என்றதும் ரோஷம் வந்து கொட்டிவிட்டாள். புள்ளி விழுந்த இலையெல்லாம் கிள்ளி, செடியடியில் போடாமல் தூரப் போட வேண்டுமாம். தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் விட வேண்டும், இலை நனையக் கூடாது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி வெயில் தாழத் தெளிக்க வேண்டும். வெயிலும் காற்றும் நன்றாகப் பட வேண்டும். அதைக் குழாயடிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துவைத்த புத்திசாலியிடம் சொல்லுங்கள்.

ஆனால் சாயங்காலமே அவள் பாண்டிசெல்வி வீட்டுக்கு ரோஜாவைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் புண்ணியவதி, "இப்பத்தான்மா ஆடு தின்னுட்டுப் போச்சு" என்றாளாம். இனி அவளுக்கு மீன்குழம்பு கொடுக்காமல் தப்பிக்க முடியாது.

இப்போது நான் கண்டுபிடித்த சங்கதிக்கு வாரேன். எதிர்வீட்டுச் சோலைராஜ் லோடு வண்டி வைத்திருக்கிறார். அது நிற்கும்போது என் கோழிகள் அதன் அடியில் போய் மண்ணைக் கிளறிக்கொண்டு, வீடு கட்டிக் கொடுத்த மாதிரி சுகமாக இருக்கின்றன. செத்த நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். சக்கரம் ரெண்டு ஓரத்திலும்தானே ஓடுகிறது மதினி? நடுவில் எதற்குச் சிமெண்ட்? இந்த ரோஜாவை சனா ஒரு சாணுக்கு மேல் ஏற விடாமல் கிள்ளிக்கொண்டே இருப்பாள். பகலெல்லாம் வண்டி ஊர் சுற்றப் போய்விடும், செடிக்கு வெயில் கிடைக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் ரெண்டு பட்டை சிமெண்ட் போதும், நடுவில் செடி.

கோழி சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொன்னால் கேட்க மாட்டார்.

மாஜிதா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
27.11.2024

மாஜிதாவுக்கு,

கோழி சொன்னதாகவே சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கடப்பாரையை எடுத்தான். நடுச் சிமெண்ட் முழுவதையும் ஒற்றை ஆளாக உடைத்து அள்ளிவிட்டான். "அவளுக்காக இல்ல. மழைத்தண்ணி தேங்குது" என்றான். மழை நின்று ஒரு வாரம் ஆகிறது.

பத்தாவது செடி மாடிக்குப் போய்விட்டது. சிவப்பாகத் துளிர் விட்டு, நுனியில் ஒரு மொட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சோழபுரத்தில் லோடு இறக்கிவிட்டு அந்தப் பக்கம் வருவானாம். நீ கொஞ்சம் கூடுதலாகப் பால் வாங்கி வை.

ரமீஜா

*

ராஜபாளையம்
2.12.2024

மதினிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே அவள் வந்துவிட்டாள் என்றாலும், நீங்கள் பார்க்காததை நான் எழுதாமல் இருக்க முடியாது.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். பக்கத்து சீட்டில் பெயிண்ட் வாளி. அது சாயாமல் இருக்கத் துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவள் துவைக்கிற கல்லடியில் இருந்து எழுந்து வந்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"நம்ம வீட்டுலதான்."

"மொதல்லயே சொல்ல என்ன?"

"நீ கேக்கலையே."

"நீங்க என்னையக் கேட்டுத்தான் சிமெண்ட் ஊத்துனீகளோ?"

மாப்பிள்ளை வாளியைப் பார்த்துக்கொண்டே, "அது தப்புத்தான். கேட்டிருக்கணும்" என்றார். செடியிடம்தான் சொன்னார். ஆனால் சத்தமாகச் சொன்னார். வண்டிக்கு அடியில் செடி நிற்கட்டும் என்று நடுவில் உடைத்ததையும் சொன்னார்.

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கரும்புள்ளி வந்து ஆறியிருக்கே. யாரு வைத்தியம் சொன்னா?" மாப்பிள்ளை, "பக்கத்து வீட்டுல" என்றார். அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

பொறவு வெளியே வந்து பார்த்தால், அவள் ரோட்டில் மண்டிபோட்டு, வண்டிக்கு அடியில் கையை விட்டுச் சாண் போட்டுக்கொண்டிருக்கிறாள். "நல்லா அளந்துக்கோ" என்கிறார் மாப்பிள்ளை. ஒரு சாணும் நாலு விரலும் இருந்ததாம். திருப்தியாகி, பிழைத்துக்கிடந்த ஏழு செடியையும் அவளே ஏற்றினாள், தன் பெட்டியைக் கடைசியாக ஏற்றினாள்.

நான் சொன்னேனா இல்லையா? நோன்புக்கு இன்னும் எம்புட்டு நாள் கிடக்கிறது! உங்கள் தம்பிக்கும் துவைக்கிற கல் திரும்பக் கிடைத்துவிட்டது. கைலியை அடித்துக் கிழித்தேவிட்டார்.

அவள் பெட்டி அலமாரி மேலிருந்து கீழே இறங்கினால் மட்டும் எனக்கு எழுதுங்கள். இறங்காதவரை உங்களுக்குக் கை வலி வேண்டாம்.

வென்றுவிட்ட
மாஜிதா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
17.2.2025

மாஜிதாவுக்கு,

பெட்டி இறங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எட்டுச் செடியும் நடுவில் நன்றாகப் பிடித்துக்கொண்டன. இந்த மாதம் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. காலையில் வண்டியை எடுத்ததும் வாசலில் மஞ்சள் பாய் விரித்த மாதிரி இருக்கும். தெருவே வந்து பார்த்தது. அனஸ் தினமும் சாயங்காலம் வண்டியை அதன் மேல் அலுங்காமல் கொண்டுவந்து நிறுத்துவான். ஒரு இதழ் கூட உதிர்ந்ததில்லை.

நேற்று மகாராஜபுரத்தில் தேங்காய் ஏற்றினான். வாங்குகிற கடை பூட்டியிருந்ததால் லோடோடு வீட்டுக்கு வந்தான். நானும் சனாவும் இரண்டு பக்கமும் நின்று, "வரலாம், வரலாம்" என்று கை காட்டினோம். சக்கரம் இரண்டும் சிமெண்டை விட்டு விலகாமல் வண்டி நேராக வந்து நின்றது.

சனா அளந்தது காலி வண்டியை.

தேங்காய் பாரத்தில் வண்டி நாலு விரலுக்கு மேல் தாழ்ந்து, செடிகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. அனஸ் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டான். "மொதல்ல தேங்காய இறக்குங்க" என்று சொல்லிவிட்டு, லோடு இறங்கியதும் சனா முறத்தோடு வண்டிக்கு அடியில் கையை விட்டாள். பூவெல்லாம் இப்போது முறத்தில் இருக்கிறது. செடிகள் எல்லாம் ஒரே மட்டமாக இருக்கின்றன. பத்தாவது செடியைத் தெருவை ஒட்டி முதலாவதாக நட்டிருந்தாள், வண்டி முதலில் உரசியது அதைத்தான்.

ரமீஜா