மலைக்கு முந்தைய கடைசிப் படுக்கை

ஜூலை 1
மழை. அறுத்த புல் அப்படியே நிலத்தில் நனைந்து கிடக்கிறது. என் கணவர் ஆமுண்ட் ஜன்னலோரம் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். விருந்தினர் வீட்டில் ட்ரோன்ட்ஹெய்ம் பேராலயத்துக்கு யாத்திரையாக நடக்கும் இரண்டு ஜெர்மன்காரிகள். ஒருத்திக்கு முழங்கால் வீங்கிவிட்டது. காலையில் அவர்களின் யாத்திரை ஏட்டில் முத்திரை குத்தி, வாஃபிள் சுருட்டிக் கொடுத்து அனுப்பினேன். நல்லவள் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூலை 3
ஒரு மின்னஞ்சல். கீழே பிரேபென் என்று பெயர். டென்மார்க்.
"போன செப்டம்பரில் உங்கள் வாசல்வரை வந்தேன், இடமில்லை என்றீர்கள். இடுப்பு ஓரளவு தேறிவிட்டது. விட்ட இடத்திலிருந்து நடக்கப்போகிறேன். ஜூலை 10 அன்று ஒரு படுக்கை கிடைக்குமா?"
அதைப் படித்தபின் உருளைக்கிழங்கை அடுப்பிலேயே மறந்து தீய விட்டேன். ஆமுண்ட் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "வாருங்கள்" என்று அவரே பதில் போட்டுவிட்டார்.

ஜூலை 4
எழுதித்தான் ஆகவேண்டும். பத்து மாதமாக அதை மட்டும் இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

போன செப்டம்பர் 18. அந்த வருடத்துப் பருவம் முடிந்துவிட்டது என்று விருந்தினர் வீட்டைக் கழுவி, படுக்கை உறைகளை மடித்து, தரையைச் சோப்புப் போட்டுத் துடைத்திருந்தேன். நான்கு மணி இருக்கும். ஆலங்கட்டியும் மழையும் கலந்து பெய்தது. கதவைத் தட்டியது ஒரு வயதான டென்மார்க்காரர். கணுக்கால்வரை சேறு. வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார் - பாதை, மழை, எங்கோ பார்த்த கடமான். இதெல்லாம் ராத்திரிவரை ஓயாது என்று தோன்றியது. ஈரத்தரையைப் பார்த்தேன். அவர் பூட்ஸைப் பார்த்தேன்.
"இடமில்லைங்க. எல்லாம் நிறைஞ்சிருக்கு."
நான்கு படுக்கை. நான்கும் காலி.
எங்கள் வீட்டுக்குப் பிறகு மலைதான். எங்கள் டோவ்ரேயில் அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதிகமாகவே தெரியும், விளம்பரப் பலகையில் "மலைக்கு முன் கடைசிப் படுக்கை" என்று எழுதியதே நான்தான். அவர் தொப்பியைத் தொட்டு, "பரவாயில்ல, மேல ஏதாவது கிடைக்கும்" என்றார். மேலே என்ன கிடைக்கும்? கல்லும் பாசியும்.
மறுநாள் காலை, கோடை முழுக்க மலையில் மேய்ந்த ஆடுகளைத் திரட்டப் போன பக்கத்துப் பண்ணை தூர்ஸ்டைன் அவரைக் கண்டெடுத்தார். ஓடைக் கற்களில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுவதும் அங்கேயே. மீட்புக்காரர்கள் போனில் கேட்டபோது ஆமுண்ட் என் பக்கத்தில்தான் நின்றார். "அன்னைக்கு நிறைஞ்சிருந்துச்சு" என்று சொன்னேன். அவர் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 7
"நானும் ஒருமுறை ட்ரோன்ட்ஹெய்ம் வரைக்கும் நடந்து பாக்கணும்" என்றேன் சாப்பாட்டு மேஜையில்.
"புல் அறுக்கிற சமயத்துலயா?"
"இப்ப விட்டா எப்ப?"
"பத்தாம் தேதிக்கு முன்னாடியே கிளம்பணும், அதானே?"
ரொட்டிக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டே கேட்டார், தலை நிமிரவில்லை. நான் எழுந்து பாத்திரம் கழுவினேன். ஆமாம். ஓடத்தான் போகிறேன். யாத்திரை என்று பெயர் வைத்து ஓடுகிறேன்.

ஜூலை 8
யெர்கின். ஒரே நாளில் மலைமேட்டைத் தாண்டிவிட்டேன். பாதை அந்த ஓடையைக் கடக்கிறது. நான் நிற்கவில்லை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தாவியபோதுகூடக் குனிந்து பார்க்கவில்லை.
முன்பதிவு செய்யாமல் வந்ததால் தங்குமிடத்தில் நிஜமாகவே இடமில்லை. அங்கிருந்த பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "படுக்கை ஒண்ணுகூட இல்ல. சமையலறை பெஞ்ச் இருக்கு. நீளம் பத்தாது, காலை மடக்கிக்கணும். சரியா?"
காலை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். நிறைந்த வீட்டிலும் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. இது எனக்குத் தெரியாதா என்ன? இருபது வருடம் நடத்துகிறேன்.

ஜூலை 11
ஆமுண்ட் போன் செய்தார். அந்த ஆள் வந்து, தங்கி, இன்று காலை கிளம்பிவிட்டாராம்.
"என்ன கேட்டார்?"
"உன்னைத்தான் கேட்டார். வீட்டுக்காரம்மா எங்கன்னார். யாத்திரை போயிருக்கான்னேன். சிரிச்சார்."
"எப்படிச் சிரிச்சார்?"
"அதையெல்லாம் எப்படிச் சொல்றது? சிரிச்சார். எல்ட்ரிட், அவர் ஊன்றுகோல் வெச்சிருக்கார். படி ஏறி மேல போகல, கீழயே படுத்துக்கிட்டார். நான் புல்லு வேலைய விட்டுட்டு அவருக்குக் கஞ்சி காய்ச்சினேன்."
குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஜூலை 12
ஒப்டால். குதிகாலில் கொப்புளம். வேண்டும் எனக்கு.

ஜூலை 14
ரென்னெபு. குன்வோர் என்ற விதவையின் பண்ணை. எழுபது வயது, ஆனால் கன்றுக்குட்டி மாதிரி உரத்த குரல். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, காலையா பூட்ஸையா, எதைக் கொல்லப் பாக்குற?" என்று தைலம் பூசினாள்.
சாப்பிடும்போது சொன்னாள்: பதினெட்டாம் தேதி ஒரு டென்மார்க்காரர் வருகிறாராம். இடுப்பு சரியில்லையாம். படுக்கைகள் மாடியில் இருப்பதால் தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்துவிட்டு, தான் ஆட்டுக்குட்டிகளுக்குப் பக்கத்து அறைக்குப் போகப்போகிறாளாம்.
"போன வருஷம் மலையில விழுந்த ஆளும்மா அவரு. டோவ்ரேயில ஒரு வீட்ல இடம் இல்லாமப் போச்சாம். அந்த வீட்டுப் பொம்பளைய நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்கு. என்ன துடி துடிச்சிருப்பா!"
தட்டைத் தள்ளி வைத்தேன். தண்ணீர் குடித்தேன். என் ஊர் தெற்கே லில்லெஹாமர் பக்கம் என்று பொய் சொல்லியிருந்தேன், வந்த உடனே, கேட்காமலே.

ஜூலை 15
கிளம்பவில்லை. கால் என்று காரணம் சொன்னேன்.

ஜூலை 16
கால் ஆறிவிட்டது. கிளம்பவில்லை. குன்வோரின் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினோம், அவர் பிடித்து எழ வசதியாக. உறையை நான்தான் போட்டேன். மூலைகளை இழுத்துச் சுருக்கமில்லாமல் மடித்தேன். கிழவி கவனித்தாள். "இது இந்த வேலை செஞ்ச கைதான்" என்றாள். எதற்கு இவளிடம் மறைக்கிறேன்? இன்னும் யாரிடம் நல்ல பெயர் வாங்க?
சொல்லிவிட்டேன். வாசலில் உட்கார்ந்து, அவள் ஜாமுக்கு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருக்கும்போது. அந்தப் பொம்பளை நான்தான், வீடு நிறையல, தரை துடைச்சிருந்தேன், அவ்வளவுதான்.
அவள் ரொம்ப நேரம் நறுக்கினாள்.
"தரையா?"
"ஆமா."
"வேற ஒண்ணும் இல்லையா? வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்ல, அந்த மாதிரி?"
"இல்ல."
அவள் எனக்கு ஒரு நல்ல காரணம் தேடிக் கொடுக்கப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கும் தட்டு வைத்தாள், பேசவில்லை.

ஜூலை 18
வந்துவிட்டார்.
வேலிக் கதவருகே பார்த்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.
"அன்னைக்கு எடம் இருந்துச்சு. நாலு படுக்கை. நான் பொய் சொன்னேன்."
"தெரியும்."
"எப்படி?"
"நிறைஞ்ச வீட்டு வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ்கூடவா இருக்காது?" பையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார். "கல்லுல கெடக்கும்போது அதையேதான் நெனச்சிட்டிருந்தேன். ஏன் பூட்ஸ் இல்லன்னு."
"அப்புறம் ஏன் எங்க வீட்டுக்கே திரும்ப எழுதினீங்க?"
"மறுபடி தட்டினா என்ன சொல்லுவீங்கன்னு பாக்கணும்னு இருந்துச்சு. நீங்க ஓடிட்டீங்க."
மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.
"பாருங்கம்மா, எனக்குக் கோவம் இருக்கு. படி ஏறும்போதெல்லாம் வருது. நான் சைக்கிள் ரிப்பேர் பண்ணிப் பொழச்சவன், இப்ப சைக்கிள்ல ஏற முடியல. கோவம் இல்லன்னு உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 19
காலையில் அவர் கிளம்பினார். நானும் கிளம்பினேன், நூறடி பின்னால். குன்வோர் என் கையில் ஒரு பொட்டலம் திணித்தாள். "ரெண்டு பேருக்கும் இருக்கு. அவருக்கு முன்னாடி நீ தின்னுடாத." மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.
மதியம்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மேய்ச்சல் நிலத்து வேலியில் ஏறி இறங்க மர ஏணி. ஒரு காலைத் தூக்கி வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். நான் தொலைவிலேயே நின்றேன். கிட்டப் போகும் உரிமை எனக்கு உண்டா?
"என்ன வேடிக்கை பாக்குறீங்க?" என்று கத்தினார். "பையப் பிடிங்க!"

ஜூலை 23
அவர் பையையும் நான்தான் சுமக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பேசுகிறார், பேசுகிறார் - சங்கிலி, பற்சக்கரம், டென்மார்க்கின் ஓடென்ஸேயில் அவர் கடைக்கு வந்த கோபக்கார வாடிக்கையாளர்கள். ஏற்றம் வந்தால் மட்டும் பேச்சு நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஜூலை 28
ட்ரோன்ட்ஹெய்ம். நாளை புனிதர் ஒலாவ் திருநாள், பேராலயத்தைச் சுற்றி எள் விழ இடமில்லை. யாத்ரீகர் அலுவலகத்தில் பெயர் பதிகிற பெண் கேட்டாள்: "ரெண்டு பேரும் சேர்ந்தா நடந்தீங்க?"
நான் பிரேபெனைப் பார்த்தேன். பிரேபென் ஊன்றுகோலில் சாய்ந்து யோசித்தார். பின்னால் வரிசை நின்றது.
"ரென்னெபுவிலேர்ந்து, ஆமா" என்றார். "அதுக்கு முன்னாடி இல்ல."
அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.
ரயில் நிலையத்தில் கை கொடுக்கவில்லை. பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு தலையசைத்தார். ரயில் போனபின் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்தால் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 2
வீட்டுக்கு வந்து இரண்டு நாளாயிற்று. ஆமுண்டிடம் எல்லாம் சொன்னேன். "நானும்தானே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார். இப்போது சாப்பிட்டு முடியும்வரை ஒரே மேஜையில் உட்கார முடிகிறது.
இன்று தூர்ஸ்டைன் வீட்டுக்குப் போனேன். டிராக்டருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். சொன்னேன்.
"நாலு படுக்கையா?"
"நாலு."
"தூக்கும்போது அந்த ஆளு பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்கிட்டது. நான் என் கோட்டைக் கழட்டிப் போத்தினேன். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. நாலு படுக்கையாம்!"
துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போகச் சொல்வார் என்று நின்றேன். ஊர்க் கடையில் நாளைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்றுதான் வந்தேன்.
"செப்டம்பர்ல ஆடு திரட்ட எங்களுக்கு எப்பவும் ஆள் பத்தறதில்ல" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "அந்த ஓடையத் தாண்டிப் போக யாரும் வர்றதில்ல. வழுக்கும், குளிரும். நீ வர்றியா?"
வருகிறேன் என்றேன்.
"அஞ்சு மணிக்குக் கிளம்புவோம். காத்திருக்க மாட்டோம்."