எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு நின்ற பதினொரு நிமிடங்கள்

அனுப்புநர்:
வெரீனா கட்டிங்,
ஊர் எழுத்தர்,
ஹார்லோ ஃபோர்க்,
வெர்மான்ட் மாநிலம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சுகாதாரக் குழு,
மாநிலச் சட்டமன்றம்.

பொருள்: எல்லோருடைய மருத்துவச் செலவையும் ஒரே பொது நிதியிலிருந்து வழங்கும் திட்டம் – எங்கள் ஊர்க்கூட்டம் அதை நிராகரித்தது – அதே கூட்டத்தில் மயங்கி விழுந்த ஹாலிஸ் ட்ரூரி வழியில் இறந்தது – என் மீதே நான் தரும் புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மார்ச் 4, செவ்வாய்க்கிழமை நடந்த எங்கள் ஊர்க்கூட்டத்தில் மேற்படி திட்டத்துக்கு ஆதரவு 47, எதிர்ப்பு 58 எனச் சான்றளித்துத் தங்களுக்கு அனுப்பியவள் நான். எண்ணிக்கை சரிதான். எதிர்ப்பாக உயர்ந்த கைகளில் என் கையும் ஒன்று. ஆனால் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லாத ஒன்றும் அன்று நடந்தது. மூன்று வாரம் கழித்து அதை இங்கே எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. பகல் உணவுக்குப் பின் விவாதம் தொடங்கியது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் அவரவர் காப்பீட்டைப் பற்றித் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் பேசினார்கள். எங்கள் ஊர்ச் சாலைப் பணியின் மேற்பார்வையாளரும், எனக்குப் பத்தொன்பது வருடச் சக ஊழியருமான ஹாலிஸ் ட்ரூரி, வயது 61, எழுந்து எதிர்த்துப் பேசினார். கூட்டத்தில் பேசுவதை எழுதிக்கொள்வது என் வேலையாதலால் அவர் சொற்களை அப்படியே தருகிறேன்: "ரோட்டுல ஒரு பள்ளத்த மூடவே நாலு கையெழுத்து வேணும். இவங்க வந்து என் நெஞ்சத் திறந்து பாக்கப் போறாங்களாம். என்கிட்ட இன்சூரன்ஸ் கார்டு இருக்கு, அது எங்க செல்லும்னு எனக்குத் தெரியும், ஆள விடுங்க." ஆம்புலன்ஸ் ஓட்டும் வெண்டெல் பிராட் பின்வரிசையிலிருந்து, "அந்தப் பள்ளத்த மூட வேண்டியவனே நீதானப்பா" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஹாலிஸும் சிரித்தார். சிரித்தபடியே உட்கார்ந்தவர் நாற்காலியிலிருந்து சரிந்தார்.

3. ஐயா, உதவி கிடைக்காத இடத்தில் இது நடக்கவில்லை. எங்கள் ஆம்புலன்ஸ் கூடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. அதன் ஊழியர்கள் மூவர் கூடத்துக்குள்ளேயே இருந்தார்கள். நான்கு நிமிடத்தில் ஹாலிஸ் வண்டிக்குள் படுத்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெண்டெல் தலையை வெளியே நீட்டி, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடப்பக்கம் திரும்பினால் பாலம், ஆற்றுக்கு அக்கரையில் பதினான்கு மைலில் ஓர் ஆஸ்பத்திரி. அது பக்கத்து மாநிலம். வலப்பக்கம் மலை, அதைத் தாண்டி நாற்பத்தொரு மைலில் இன்னொன்று. காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுக்கும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இருப்பது அந்த இன்னொன்று என்றுதான் ஊரில் பேச்சு.

4. ஹாலிஸ் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, "அக்கரைக்குப் போகாதீங்க, அது நம்ம லிஸ்ட்ல இல்ல" என்றார். நினைவோடு இருக்கும் நோயாளி மறுத்தால் அவர் விருப்பத்துக்கு மாறாகப் போகக்கூடாது என்பது ஆம்புலன்ஸ் விதி. அவருடைய மனைவி ஆர்டிஸ் என் பக்கம் திரும்பி, "வெரீனா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், நீ சொல்லு" என்றார். ஊர் ஊழியர்களின் காப்பீட்டுக் காகிதங்களைப் பார்ப்பவள் நான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல், ஹாலிஸின் பர்ஸிலிருந்து கார்டை எடுத்து, பின்பக்கம் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தேன்.

5. ஃபோனில் இசை ஓடியது. எண்களை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். பிறந்த தேதி கேட்டார்கள், ஆர்டிஸிடம் கேட்டுச் சொன்னேன். மறுபடி இசை. வண்டியைச் சுற்றி நூறு பேர் பனியில் நின்றோம். கடைசியில் ஒரு பெண் லைனில் வந்து, பட்டியலில் இருப்பது மலைக்கு அப்பால் உள்ளதுதான் என்றார். நான் வலப்பக்கம் கை காட்டினேன். கதவு திறந்தபடி அந்த வண்டி நின்றது பதினொரு நிமிடம். அங்கிருந்த ஒருவர்கூட, ஆதரவுக்காரரோ எதிர்ப்புக்காரரோ, "இதென்ன கூத்து, கிளம்புங்கடா" என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது கூத்தாகவே படவில்லை.

6. ஹாலிஸின் ஆட்களே பனி தள்ளும் லாரியை முன்னால் ஓட்டி வழி செய்துகொடுத்தார்கள். நாங்கள் உள்ளே போய், விவாதத்துக்கு எடுத்த பொருளை முடிக்க வேண்டும் என்பதால் மீதிப் பேச்சையும் கேட்டுவிட்டுக் கைதூக்கி எண்ணினோம். எண்ணி முடித்த சற்று நேரத்தில் வெண்டெலிடமிருந்து செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல் இருக்கையில் ஹாலிஸ் இறந்துவிட்டார்.

7. மார்ச் 12 அன்று அவர் காகிதங்களை முடிப்பதற்காகக் காப்பீட்டுக் கையேட்டைப் புரட்டினேன். பக்கம் 31: உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். பட்டியலில் இல்லாவிட்டாலும் கார்டு செல்லும். யாரிடமும் முன்கூட்டிக் கேட்க வேண்டியதில்லை. ஐயா, ஒவ்வொரு நவம்பரிலும் அந்தக் கையேட்டை விநியோகித்து, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்து வாங்குபவள் நான். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. நான் படித்ததில்லை. விசாரித்தவரையில் எங்கள் ஊரில் எவரும் படித்ததில்லை.

8. வரி கூடும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நிதி, எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே கார்டு என்றிருந்தால் வெண்டெல் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். ஹாலிஸ் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பாலத்தைத் தாண்டியிருப்பார் என்று தெரியும்.

9. ஆகவே தாங்கள்,
(அ) எங்கள் ஊரின் 58 வாக்கை, தெரிந்து சொன்ன பதிலாகக் கொள்ளாதிருக்கவும்;
(ஆ) குழுவின் விசாரணையில் என்னைச் சாட்சியாக அழைக்கவும்;
(இ) குழு எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, அதுவரை காத்திராமல், "ஆபத்தென்றால் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், யாரையும் கேட்காதீர்கள்" என்ற ஒரு வரியையாவது வீட்டுக்கு வீடு அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

10. அடக்கத்தன்று ஆர்டிஸ் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அவ்வளவு பதட்டத்துலயும் நீ ஒருத்திதான் பொறுப்பா ஃபோன் பண்ணிக் கேட்ட" என்று நன்றி சொன்னார். அப்போது நான் 31-ஆம் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்த்த பிறகு இரண்டு முறை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். தங்களிடம் சொல்லிவிட்டு அவரிடம் சொல்லாமலிருப்பது அநியாயம்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) வெரீனா கட்டிங்

இடம்: ஹார்லோ ஃபோர்க்
நாள்: 26-03-2025

இணைப்பு: கையேட்டின் 31-ஆம் பக்கம்.

நகல்: திருமதி ஆர்டிஸ் ட்ரூரி அவர்களுக்கு, இன்று மாலை, என் கையால்.