அண்ணை வீட்டுக்குக் கீழே களிமண்

பெப்ரவரி 3, செவ்வாய்
குளிர் −19. சப்பாத்து இன்னும் காயவில்லை.
காலையில் சின்ன நில அதிர்வு. நான் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பல் தீட்டிக்கொண்டிருந்தேன். அஹுன்ட்சிக்கில் அண்ணை வீட்டில் அலுமாரிக் கோப்பை எல்லாம் கிலுகிலுத்ததாம். பேஸ்மென்ட்டில் படுத்திருந்த பிள்ளைகள் இரண்டும் அழுதுகொண்டு மேலே ஓடி வந்தார்களாம். அண்ணி போனில்: "உமக்கு ஒண்டும் தெரியேல்லையோ?"
எங்கள் கட்டடம் பாறையில். அப்போ அவர்கள் வீடு?

4, புதன்
பனி. பஸ் பிந்தியது. வேலையில் நிலத்தைத் துளைத்து மண் பார்த்த பழைய பதிவுகளைக் கிண்டினேன். அண்ணையின் தெரு: மேலே இரண்டு மீற்றர் கொட்டிய மண், கீழே பதினாலு மீற்றர் ஈரக் களி, அதற்கும் கீழேதான் பாறை. பாறையில் சுருக்காக முடிகிற ஆட்டம் களியில் பெருத்து, நீண்டுகொண்டே போகும். பன்னிரண்டு வருடமாக இதைத்தானே எழுதிக்கொடுக்கிறேன்.
வீடு வாங்கமுதல் அண்ணை என்னைத்தான் கேட்டார். மூன்று தெரு தள்ளி நாங்கள் துளைத்த இடத்தில் பாறை. அதை நினைத்து, பதிவைப் பார்க்காமலே கல்லுத்தான், வாங்குங்கோ என்றேன். மடைச்சி.

5, வியாழன்
பால், உப்பு, அண்ணைக்குப் போன்.
கோயிலிலிருந்து மாதா சுருவம், மாதாவின் சிலை, வீடு வீடாக வருகிறது. சனிக்கிழமை அண்ணை வீட்டு முறை. பேஸ்மென்ட்டில் செபமாலை, நாற்பது பேர். நடுவில் நிற்கும் இரும்புத்தூண் சுருவத்தை மறைக்கிறதாம், வெட்டி எடுக்க நாளைக்கு ஆள் வருகிறதாம். வீட்டின் நடு உத்தரத்தைத் தாங்குவதே அந்தத் தூண். கத்தினேன்.
"கல்லு எண்டு நீதானே சொன்னனீ. பேந்தென்ன?"
போனை வைத்துவிட்டேன். எரிச்சல், முழுக்க என்மேலேயே.

6, வெள்ளி
லீவு. நேரே போனேன். வெட்டுகிற ஆள் ஏற்கனவே வாசலில்.
"நான் பாக்காமல் சொன்னனான், அண்ணை. கீழ களி."
அண்ணை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆளைத் திருப்பி அனுப்பினார். தேத்தண்ணி கூடக் கேட்கவில்லை.

7, சனி
தூணுக்கு முன்னால் மேசை, மேசையில் சுருவம். எல்லோருக்கும் வடிவாகத் தெரிந்தது. இவ்வளவுதான் வேலை! இது முதலே ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வடையில் உப்புக் கூடிவிட்டது.
சனம் போனபிறகு அண்ணை வந்து நின்றார்.
"பிள்ளையள் கீழ படுக்கலாமோ?"
ஓம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
"மண் எடுத்துப் பாத்திட்டுச் சொல்லுறன்."
அண்ணை பிள்ளைகளின் மெத்தைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக்கொண்டு போனார்.