கூரையில் நின்றவர்

அன்புள்ள அப்பாவுக்கு மேர்வின் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

லண்டனில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் காவலுக்கு நிற்கிறேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சனத்தைப் பார்ப்பதுதான் வேலை. கோல் விழுந்தாலும் திரும்பக் கூடாது. சனிக்கிழமை பந்து பிடரியில் பட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே உலகப்போர்க் கால லீக் ஆட்டப் படமொன்று மாட்டியிருக்கிறது. எல்லோரும் பந்தைப் பார்க்க, கூரையில் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்க்கிறார்.

“அது ஆர் அண்ணை?” என்று கூட வேலை செய்யும் சுஜீத் கேட்டான்.

“குண்டு போட பொம்பர் வருதோ எண்டு பாக்கிறவர். ஊரிலை சண்டைக் காலத்திலை நாங்கள் விளையாடேக்கை எங்கட அப்பாவும் கோயில் கூரையிலை இப்பிடித்தான் நிண்டவர்.”

நோவெண்ணெய் கொஞ்சம் அனுப்பிவிடுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிறது.

அப்பா, நான் அடித்த கோல்களில் ஒன்றையாவது திரும்பிப் பார்த்தீர்களா?

உங்கள் மகன்
மேர்வின்